கோயில் கணக்கும் தறிக் கணக்கும் – காஞ்சிபுரத்தில் ஒரு நாள்

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று கோயில், இன்னொன்று கல்யாணப் பட்டு. காலையில் காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் காந்தி சாலையில் நாலு கடை ஏறி இறங்கி கூறைப்புடவை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். கோயில் வேறு, கடை வேறு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தில் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் அந்தக் கணக்கைப் பார்த்தவர்களே நெசவாளர்கள்தான் என்றால் நம்ப முடிகிறதா?

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அதிகாலையில் பேருந்து ஏறினால் ஒரே நாளில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அப்படிப்பட்ட ஒரு நாளின் வழியாக அந்த ஊரின் ஆயிரத்து முந்நூறு வருடக் கதையைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

காலை 6 மணி: பிள்ளையார்பாளையம்

ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் பிள்ளையார்பாளையம் நெசவாளர்களின் பகுதி. விடியற்காலையில் போனால் தெருவிலேயே நெசவு வேலையைப் பார்க்கலாம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, சிக்கெடுத்து, அறுந்த இழைகளைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் பாவு சீக்கிரம் காய்ந்து முறுகிவிடும். மழை நாளில் இந்த வேலையே நடக்காது.

புடவையில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை பெரும்பாலும் குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்திலேயே ஜரிகை தயாரிக்க தமிழக அரசு 1971-ல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. ஆக, பட்டுப்புழுவும் இல்லை, வெள்ளிச் சுரங்கமும் இல்லை. ஆனாலும் 'காஞ்சிபுரம் பட்டு' என்று உலகம் முழுக்கப் பெயர். இந்த ஊர் அதில் சேர்ப்பது கை வேலை மட்டும்தான். அந்தக் கை வேலைக்காகத்தான் 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெசவாளர்கள் தங்களை மார்க்கண்டேய மகரிஷியின் வம்சம் என்று சொல்லிக்கொள்வதுண்டு. தாமரைத் தண்டின் நூலிலிருந்து தேவர்களுக்குத் துணி நெய்தவர் அவர் என்பது ஐதீகம். விஜயநகர ஆட்சியில் தெலுங்கு நாட்டிலிருந்து தேவாங்கரும் சாலியரும் வந்து இங்கே குடியேறினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் காஞ்சியின் நெசவு அதற்கும் மிகவும் முந்தியது. அதற்கான சாட்சி ஒரு செப்பேட்டில் இருக்கிறது. அதற்கு முன் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கோயிலைப் பார்த்துவிடலாம்.

காலை 8 மணி: எதிரியும் மதித்த கோயில்

பிள்ளையார்பாளையத்துக்கு அருகில்தான் கைலாசநாதர் கோயில். பல்லவ மன்னன் ராஜசிம்மன் (இரண்டாம் நரசிம்மவர்மன்) 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் கோயில் செய்த பல்லவர்கள், இங்கே கல்லை அடுக்கிக் கட்டினார்கள். பெரும்பகுதி மணற்கல். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சிறு சன்னதிகள். தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்கள் இந்த மன்னனின் முத்திரை. மன்னனின் ராணி ரங்கபதாகையும் இங்கே ஒரு சன்னதி கட்டியிருக்கிறார்.

சிறு சன்னதிகளின் உட்சுவர்களில் பல்லவர் கால ஓவியங்கள் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. மேலே பூசிய சுண்ணாம்புக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1931-ல் வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய்.

இந்தக் கோயிலின் மிக முக்கியமான செய்தி ஒரு தூணில் இருக்கிறது. கன்னடத்தில் எழுதப்பட்ட கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களைத் தோற்கடித்து காஞ்சிக்குள் நுழைந்தான். இரண்டு வம்சங்களுக்கும் தலைமுறைப் பகை. அவனுக்கு முந்தைய தலைமுறைகளில் பல்லவர்கள் சாளுக்கியத் தலைநகரான வாதாபியையே பிடித்தவர்கள். ஆனாலும் அவன் ஊரைக் கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கல்வெட்டாகவும் எழுதி வைத்தான். அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கோயிலின் சாயலை இன்றும் பார்க்கலாம்.

கோயில் அன்றைக்கு வெறும் வழிபாட்டு இடம் மட்டுமல்ல, ஊரின் கஜானா. ஜெயித்து வந்த எதிரி கஜானாவைத் தொடாமல் போனது பெரிய விஷயம். தொட்டிருந்தால் அந்தக் கோயிலை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை தெருவுக்கு வந்திருக்கும்!

காலை 10 மணி: நெசவாளர் பார்த்த கணக்கு

அங்கிருந்து ஊரின் நடுப்பகுதிக்கு வந்தால், காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் உலகளந்த பெருமாள் கோயில். ஊரகம் என்பது அதன் பழைய பெயர். உள்ளே ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி, 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறார் பெருமாள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் பெருமாளின் உயரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பலருக்கு இந்தக் கோயிலின் கணக்குக் கதை தெரியாது.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. ராஜராஜ சோழனுக்கு முன் ஆண்டவன் இந்த உத்தம சோழன். 10-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அந்தச் செப்பேடு முழுக்க முழுக்க இந்த ஊரகம் கோயிலின் நிர்வாகத்தைப் பற்றியது. அப்போது காஞ்சிக்குக் கச்சிப்பேடு என்று பெயர்.

கோயிலுக்கு வருமானம் எப்படி வந்தது? பக்கத்து ஊர்களிடம் பொன்னை முதலாகக் கொடுத்து, வட்டியை நெல்லாக வாங்கினார்கள். அதாவது இன்றைய வங்கி டெபாசிட் மாதிரி. இது போக, கச்சிப்பேட்டில் விற்கும் பொருள்களை நிறுத்துக் கொடுப்பதற்கு 'கோல்நிறைகூலி', அளந்து கொடுப்பதற்கு 'கால்அளவுகூலி' என்ற கட்டணங்களும் கோயிலுக்குச் சேர்ந்தன. சந்தையில் சரியான எடை இருக்க வேண்டும் என்பதில் பெருமாளுக்கே பங்கு இருந்தது என்று சொல்லலாம்!

சரி, இந்த வரவு செலவை யார் கவனித்தது? ஊரில் நான்கு சேரிகளில் குடியிருந்த 'பட்டசாலிகள்' என்ற நெசவாளர்களிடம் அந்தப் பொறுப்பு தரப்பட்டது. (சேரி என்றால் அன்றைக்குக் குடியிருப்பு என்றுதான் அர்த்தம்.) அவர்கள் அரசனுக்குத் துணி நெய்தவர்கள். அவர்களுக்கு வரிச் சலுகையும் இருந்தது.

வியாபாரம் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கணக்கு பார்க்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பார்கள்? நாணயமானவர் என்று ஊர் நம்புகிறவரிடம், எண்ணும் எழுத்தும் தெரிந்தவரிடம், ஊரில் சொந்தமாகக் காலூன்றி நிற்பவரிடம்தான் கொடுப்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் காஞ்சி நெசவாளருக்கு அந்த இடம் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மதியத்துக்கு மேல் பார்க்கப் போவது புரியும்.

காலை 11 மணி: 12 வயது ராஜா

கோயில்கள் 12 மணிக்கு நடை சாத்திவிடும். அதற்குள் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாம் நந்திவர்மன் என்ற பல்லவமல்லன் கட்டியது. மூன்று நிலைகளில் பெருமாள் அமர்ந்தும், கிடந்தும், நின்றும் காட்சி தருகிறார்.

திருச்சுற்றின் சுவர் முழுக்க பல்லவர்களின் வரலாறு சிற்பங்களாக ஓடுகிறது. படக்கதை மாதிரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். சில காட்சிகளுக்குக் கீழே விளக்கமும் எழுதியிருக்கிறது. கி.பி. 731 வாக்கில் மன்னன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். மந்திரிகளும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும், ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து அரச குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். "உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் தயங்குகிறார்கள். 12 வயதுப் பையன் ஒருவன் மட்டும் "நான் போகிறேன்" என்கிறான். அவன்தான் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பல்லவமல்லன்.

ராஜாவையே தேடிப்பிடித்து நியமித்த ஊர் இது என்பதைக் கல்லில் காட்டிவிட்டார்கள். அந்தச் சின்னப் பையனின் உருவத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், இதே ஊரில் 12 வயதில் வேறு பொறுப்பு சுமந்த பிள்ளைகளைப் பற்றிப் பிறகு கேள்விப்படப் போகிறார்.

மதியம்: கோயில் இட்லி

சாப்பாட்டு நேரத்தில் காஞ்சிபுரம் இட்லியை விட்டுவிட முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலின் பிரசாதம் இது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஆவியில் வேக வைப்பார்கள். வெளியே எடுத்தால் நீளமாக உருளை மாதிரி இருக்கும். துண்டு போட்டுத்தான் பரிமாறுவார்கள். ஓட்டல்களில் கிண்ணத்தில் வேக வைத்துக் கொடுப்பது அதன் சுருக்கப் பதிப்பு.

பிற்பகல்: தறிக்குழிக்குள்

நடை சாத்தியிருக்கும் நேரம் தறி வீட்டைப் பார்க்கச் சரியான நேரம். வீட்டு முன் அறையில் தரையில் குழி. அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதிகளை மிதித்து, நாடாவை எறிந்து நெய்கிறார்கள். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியும், ஓட்டை போட்ட அட்டைகளின் மாலையும் தொங்கும். எந்த இழை எப்போது உயர வேண்டும் என்பதை அந்த அட்டைதான் சொல்லும். கரையில் வரும் கோபுரம், மயில் கண், ருத்ராட்சம், தாழம்பூ எல்லாம் இதே ஊரின் கோயில்களிலும் தெருக்களிலும் இருப்பவைதான்.

காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். சாதாரணமாக ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். கோர்வையில் மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரால் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. எனவே தறியின் மறுபக்கம் நாடா வாங்கித் தர இன்னொரு ஆள் வேண்டும். முந்தானை வேறு நிறமாக இருந்தால், பாவின் ஒவ்வொரு இழையோடும் புது நிற இழையை இணைக்க வேண்டும். இதற்குப் பெயர் பேட்னி. இப்படி ஒரு கோர்வைப் புடவை முடிய 10 நாளிலிருந்து 20 நாள் வரை ஆகலாம். வேலைப்பாடு கூடினால் இன்னும் ஆகும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வது இதனால்தான்.

கூலிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வரலாம். புடவையின் விலையில் பெரும் பங்கு பட்டும் ஜரிகையும். ஜரிகையை 'மார்க்' என்ற அளவில் விற்பார்கள். ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசுவதால், வெள்ளியும் தங்கமும் ஏறினால் புடவையும் ஏறும். இதற்கெல்லாம் முதல் போட நெசவாளரிடம் பணம் இல்லை. எனவே முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவையும் ஊடையையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். நெய்து முடித்த புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். நெசவாளருக்குக் கிடைப்பது புடவைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். மறுபக்கம் உட்காருபவரின் கூலியும் அதிலிருந்துதான்.

ஒரு காலத்தில் கோயிலின் எடைக்கூலி வரவைக் கவனித்தவர்களின் ஊரில், இன்று நெசவாளரைத்தான் எடை போட்டுச் சரிபார்க்கிறார்கள். புடவை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது நெய்தவருக்குச் சம்பந்தமில்லாத கணக்கு. பிரியதர்ஷன் இயக்கி பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' படத்தின் கதையே இதுதான். மகளின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை நெய்ய ஆசைப்படும் நெசவாளி, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலைத் திருடுகிறான். 2007-ம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் ஆகிய இரண்டு தேசிய விருதுகளும் அந்தப் படத்துக்குக் கிடைத்தன.

இதைவிடக் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. கோர்வைத் தறியின் மறுபக்கம் உட்கார்ந்தவர்கள் வெகுகாலம் சிறுவர் சிறுமியர்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறிக்கு அனுப்பப்பட்டார்கள். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்துப் பிள்ளைகளின் நிலையையும் பதிவு செய்தது. சட்டமும் பள்ளிகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. நல்ல காரியம். அதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

ஆனால் பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் நியாயமான கூலிக்கு ஒரு பெரியவரை உட்கார வைக்க முடியவில்லை. பல வீடுகளில் அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்தார். அவருக்குத் தனிக் கூலி கிடையாது. பல வீடுகளில் கோர்வையே நின்றுபோய், ஒரே நாடாவில் முடியும் புடவைக்கு மாறிவிட்டார்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகள் வளர்ந்தபோது, இதே மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகளும் செல்போன் தொழிற்சாலைகளும் வந்திருந்தன. அவையும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஆனாலும் மாதச் சம்பளம், பி.எஃப்., வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. தறிக்குழி இதில் எதைத் தரும்? பிள்ளைகள் தறிக்கு வரவில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படலாம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

கைத்தறியைக் காப்பாற்ற 1985-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதில் சேலையும் உண்டு. ஆனால் விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாத வரை அது நிற்கவும் போவதில்லை.

கியோட்டோவைப் பார்த்தால்

காஞ்சியைப் போலவே பழைய தலைநகரமாகவும், கோயில் நகரமாகவும், பட்டு நகரமாகவும் இருக்கும் ஊர் ஜப்பானில் ஒன்று உண்டு. கியோட்டோ. 794-ல் அது தலைநகரானபோது கைலாசநாதர் கோயில் கட்டி எழுபது வருடங்களுக்கும் மேல் ஆகியிருந்தது. 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கியோட்டோ நாசமாகி நெசவாளர்கள் ஓடிப்போனார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் மேற்குப் படை முகாம் இருந்த இடத்தில் தறி போட்டார்கள். அதனால் 'மேற்கு முகாம்' என்ற அர்த்தத்தில் நிஷிஜின் என்று பெயர் வந்தது. 1868-க்குப் பிறகு தலைநகர் டோக்கியோவுக்குப் போனதும் அரண்மனை வாடிக்கை போய்விட்டது. நிஷிஜின் சும்மா இருக்கவில்லை. 1872-ல் ஆட்களை பிரான்சின் லியோன் நகரத்துக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கற்றுக்கொண்டு வந்தது.

இன்று ஜப்பானில் கிமோனோ பெரும்பாலும் விசேஷ நாள் உடையாகிவிட்டதால் நிஷிஜின் தறிகள் குறைந்துவிட்டன. காஞ்சிக்கு அந்தப் பிரச்சினை இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் கல்யாணம் என்றால் இன்றும் பட்டுதான். காஞ்சியில் வாங்க ஆள் இருக்கிறது. நெய்யத்தான் ஆள் குறைகிறது. சந்தை இருந்தும் தொழில் தேய்கிறது என்றால் கோளாறு பங்கு பிரிப்பதில்தான் இருக்க வேண்டும்.

மாலை: அத்தி வரதர் எழும் குளம்

கடைசியாக ஊரின் தென்கிழக்கே சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில். விஜயநகர காலத்து நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலிகள் தொங்குகின்றன. அதற்குப் பக்கத்தில் அனந்தசரஸ் குளம். அதன் நீருக்கு அடியில்தான் அத்தி மரத்தாலான வரதர் இருக்கிறார். 40 வருடத்துக்கு ஒரு முறை வெளியே எழுந்தருள்வார். 1939, 1979, பிறகு 2019.

2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் தரிசனம். முதல் 31 நாள் சயனக் கோலம், அடுத்த 17 நாள் நின்ற கோலம். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தினம் ஒரு நிறப் பட்டில் வரதர் காட்சி கொடுத்தார். "இன்றைக்கு என்ன நிறம்?" என்று ஊரே கேட்டது. அந்தப் பட்டை யார் நெய்தது என்று கேட்டவர்கள் குறைவு.

திரும்பும் முன் காந்தி சாலையில் புடவை எடுப்பவர்கள் செய்யக்கூடிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. புடவையைத் திருப்பிப் பிடித்து, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு நிற இழைகளும் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டிருந்தால் அது கோர்வை. கைத்தறி முத்திரை, சில்க் மார்க், புவிசார் குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் ஏறிப் பாருங்கள். பேரம் பேசுவதற்கு முன் அதில் இரண்டு பேரின் இருபது நாள் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தி வரதர் அடுத்து எழுந்தருளப் போவது 2059-ல். குளம் இருக்கும், கோயில் இருக்கும், கூட்டம் 2019-ஐ விட அதிகமாகவே இருக்கும். அன்றைக்கு அவருக்குச் சாத்தும் பட்டைக் காஞ்சியில் ஒருவர் நெய்திருக்க வேண்டும் என்றால், இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் யாராவது தறிக்குழியில் இறங்க ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளும்படியான கூலியும், கணக்கில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஊரகத்துப் பெருமாளின் கணக்கையே அவர்களை நம்பி ஒப்படைத்த ஊர், அவர்கள் நெய்யும் புடவையின் கணக்கையாவது அவர்களிடம் காட்டலாம் அல்லவா?